‘சேது’ விக்ரமின் முதல் படம் அல்ல

விக்ரம் 1999-இல் ‘சேது’வில்தான் அறிமுகமானார் என்ற பதிவை இந்த இழையில் பலர் பகிர்ந்திருக்கிறார்கள். அதில் சின்னத் திருத்தம். ‘சேது’ அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த படம், முதல் படம் அல்ல. அவர் நடித்த ‘என் காதல் கண்மணி’ 1990-லேயே வந்துவிட்டது. அடுத்து 1991-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘தந்துவிட்டேன் என்னை’, 1992-இல் பி.சி.ஸ்ரீராமின் ‘மீரா’. நடுவில் டப்பிங் வேறு: ‘அமராவதி’யில் அஜித்துக்கும் ‘காதலன்’ படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் இவருடையதுதான். ‘சீயான்’ என்ற அடைமொழி ‘சேது’ பாத்திரத்திலிருந்து ஒட்டிக்கொண்டதால் கணக்கும் அங்கிருந்தே தொடங்குகிறது போல.

சரிபார்ப்பது சுலபம். ‘மீரா’வைப் போட்டு, டைட்டில் கார்டில் கதாநாயகன் பெயரைப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் தேதி இருக்கும். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. டிசம்பரில் சான்றிதழ் வாங்கி ஜனவரியில் வெளியாகும் படங்கள் உண்டு, அதனால் ஓராண்டு முன்பின் இருக்கலாம். யூடியூப் பிரதிகளில் சிலர் சான்றிதழையே வெட்டிவிடுகிறார்கள். அப்படியிருந்தால் வேறு பிரதியைத் தேடுங்கள், அல்லது அந்த ஆண்டு வார இதழ் விமர்சனத்தை நூலகத்தில் புரட்டுங்கள்.