வருகைத் தாளுக்காக நடக்கும் வகுப்புகள்

ஏப்ரல் பிறந்தால் எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பயிற்சி நாட்காட்டி சுவரில் ஏறிவிடும். ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று எங்கே போனாலும், தோல் பதனிடும் இடமானாலும் ஷூ தைக்கும் இடமானாலும், நாட்காட்டி ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு மாதம் தர விழிப்புணர்வு, ஒரு மாதம் தீயணைப்பு, ஒரு மாதம் பேச்சுத்திறன், நடுவில் எங்காவது ஒரு யோகா. ஆண்டு முடிவில் ஆளுக்கு இத்தனை மணிநேரம் பயிற்சி கொடுத்தோம் என்று ஓர் எண் மேலிடத்துக்குப் போகும். எண் நிறைந்தால் பயிற்சித் துறை நல்ல துறை. நிறையவில்லையென்றால் மார்ச் மாதத்தில் கையில் கிடைத்தவர்களை எல்லாம் அழைத்துவந்து அறையில் உட்காரவைத்து நிறைத்துவிடுவார்கள்.

நான் பல ஆண்டுகளாக இந்தத் துறையில்தான் சம்பளம் வாங்குகிறேன். வெளியே நின்று கல்லெறிகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த எண்ணை ஒழிக்காமல் இந்தத் துறை உருப்படாது என்பது என் கருத்து.

மணிநேரத்தை அளந்தால் வகுப்புதான் பெருகும். வேலையில் எந்தச் சிக்கல் வந்தாலும் "ஒரு டிரெயினிங் போட்டுவிடுங்கள்" என்பதே முதல் பதிலாகிவிடும். எந்தக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரையை எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் நாம் இரண்டாம் முறை போவோமா? ஆனால் இந்த ஏற்பாடு எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. ஆள் சரியில்லை, பயிற்சிக்கு அனுப்பிவிட்டேன் என்று உற்பத்தி மேலாளர் கை கழுவலாம். வகுப்பு நடந்துவிட்டது, கையெழுத்துத் தாள் இதோ என்று நாங்கள் கை கழுவலாம். சிக்கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒன்றைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைன் அது. தோலில் தைப்பவர்களுக்குத் தெரியும், துணியைப் போலப் பிரித்துத் திரும்பத் தைக்க முடியாது. ஊசி குத்திய துளை குத்தியதுதான். இரண்டாம் முறை ஓட்டினால் பழைய துளைகள் பக்கத்தில் இளித்துக்கொண்டு நிற்கும். சில நேரம் தோல் அந்த வரியிலேயே கிழிந்துபோகும். அதனால் தையலின் நடுவில் கண்ணி விடுபட்டால் அந்தத் துண்டு பெரும்பாலும் கழிவுக்குத்தான் போகும். அந்த லைனில் கண்ணி விடுபடுவது வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனது. தர விழிப்புணர்வு வகுப்பு, லைன் முழுவதற்கும், இரண்டு மணிநேரம் என்று எங்களுக்குக் கோரிக்கை வந்தது.

வகுப்புக்கு நாள் குறிக்கும் முன் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு லைனுக்குப் போய் நின்றேன். போஸ்ட்பெட் என்ற, தூண் போல உயர்ந்த மேடையுள்ள தையல் மெஷினில் இருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலேயே, "ஊசி மழுங்கியிருக்கிறது சார். சத்தத்திலேயே தெரிகிறதே" என்றார். தோல் தைக்கும் ஊசிக்கு வெட்டும் முனை உண்டு. கூர் இருக்கும்வரை தோலை அறுத்துக்கொண்டு இறங்கும். மழுங்கிவிட்டால் இடித்துக்கொண்டு இறங்கும்; நூல் சரியாக வளையாமல், கீழே சுற்றும் கொக்கி அதைத் தவறவிடும். இந்த விளக்கத்தை எனக்குச் சொன்னதும் அவர்தான், மெக்கானிக் தலையாட்டிக்கொண்டு நின்றார். "இவ்வளவு தெரிந்துமா அக்கா மாற்றவில்லை?" என்று கேட்டேன். ஸ்டோர் இருக்கும் மூலையைக் கண்ணால் காட்டினார்.

ஷூவுக்குள் ஊசித் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் ஒரு விதி வைத்திருப்பார்கள். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் புது ஊசி. நல்ல விதி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அங்கே உடையாத, வெறுமனே மழுங்கிய ஊசிக்கும் அதே சடங்கு நடந்துகொண்டிருந்தது. சூப்பர்வைசர் கையெழுத்து, ஸ்டோர் வரை நடை, அங்கே ஆள் இல்லாவிட்டால் காத்திருப்பு. லைனின் தலைமாட்டில் மணிக்கு இத்தனை ஜோடி என்று இலக்கு எழுதிய பலகை. அந்த அக்கா கணக்குப் பார்த்துத்தான் மழுங்கிய ஊசியோடு ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

பழைய ஊசியைக் கொடுத்துப் புது ஊசியை வாங்கிக்கொள்ள லைனிலேயே ஒரு பெட்டி வைத்தார்கள். ஷிப்டு தொடங்கும்போது எல்லா மெஷினிலும் மெக்கானிக் ஊசியைப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவானது. விடுபடும் கண்ணி குறைந்தது. வகுப்பு நடக்கவில்லை. அந்த மாத அறிக்கையில் அந்த லைனுக்கு நேராகப் பயிற்சி மணிநேரம் பூஜ்யம். ஏன் பூஜ்யம் என்று என்னிடம் விளக்கம் கேட்டார்கள்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959இல் பயிற்சியை மதிப்பிட நான்கு கேள்விகளை வகுத்துக் கொடுத்தார். வந்தவர்களுக்குப் பிடித்திருந்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையிடத்தில் செய்யும் விதம் மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு விளைந்தது என்ன. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, நாங்கள் இன்னும் முதல் கேள்வியைத் தாண்டவில்லை. வகுப்பு முடிந்ததும் ஒரு தாளைக் கொடுத்து ஐந்துக்கு எத்தனை என்று கேட்கிறோம். மதியம் ஆம்பூர் பிரியாணி போட்ட நாட்களில் பயிற்றுநரின் மதிப்பெண் ஏறிவிடும் என்பது எங்கள் துறையில் ஊரறிந்த ரகசியம். கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் சேர்ந்துவிட்டால் ஐந்துக்கு ஐந்துதான்.

இப்படிப் பேசினால், தரச் சான்றிதழுக்காகச் சோதிக்க வரும் ஆடிட்டர் மணிநேரக் கணக்கைக் கேட்பார் என்று பயமுறுத்துவார்கள். ஐஎஸ்ஓ 9001 என்ற சர்வதேசத் தர மேலாண்மைத் தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் 7.2ஆம் பிரிவைப் பிரித்துப் பாருங்கள். வேலையைச் செய்பவருக்கு அதற்கான திறன் இருக்கிறதா, இல்லையென்றால் என்ன செய்தீர்கள், செய்தது பலித்ததா, சான்று எங்கே. கேட்பது இவ்வளவுதான். என்ன செய்யலாம் என்பதற்கு அதிலேயே சொல்லியிருக்கும் உதாரணங்களில் பயிற்சியும் ஒன்று. கூட இருந்து வழிகாட்டுவது, ஆளை வேறு வேலைக்கு மாற்றுவது, திறனுள்ளவரை எடுத்துக்கொள்வது என்று மற்றவையும் இருக்கின்றன. ஆளுக்கு இத்தனை மணிநேரம் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அது நாமாகத் தலையில் ஏற்றிக்கொண்டது.

வகுப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. தோல் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். அளவு மிகக் கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் இடத்தில்தான் உயிர் போகிறது. முதலில் இறங்கியவர் சுருண்டு விழுவதைப் பார்த்து, காப்பாற்றப் பதறிப்போய் இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அவரோடே போய்விடுகிறார்கள். இதை அனுபவத்தில் கற்றுக்கொள்ளட்டும் என்று விட முடியாது. சொல்லித்தான் கொடுக்க வேண்டும், முதல் நாளே.

அதை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம்? குளிரூட்டிய அறையில், ஸ்லைடில், பாதி ஆங்கிலத்தில். எதிரில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் மேற்கு வங்கத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர்கள். தொட்டியின் வாயருகே கூட்டிப்போய், அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு, வாயு அளக்கும் கருவியைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். கயிறு எங்கே, காற்று செலுத்தும் ப்ளோயர் எங்கே, ஒருவர் விழுந்துவிட்டால் மற்றவர் இறங்காமல் என்ன செய்வது என்று ஒத்திகை பார்க்க வேண்டும். கருவியே இல்லையென்றால்? அதை வாங்குவது பயிற்சித் துறையின் கையில் இல்லை. கருவி இல்லாமல் இந்த வகுப்பை நடத்த மாட்டோம் என்று எழுத்தில் கொடுப்பது எங்கள் கையில் இருக்கிறது.

2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இரவில் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் கழிவு பாய்ந்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வங்கத்துத் தொழிலாளர்கள். அவர்களுக்கு எத்தனை வகுப்பு எடுத்திருந்தாலும் அந்தச் சுவர் நின்றிருக்காது. பாதுகாப்பு என்ற பேச்சு வந்ததும் தொழிலாளிக்கு அறிவுரை சொல்லக் கிளம்புகிறவர்களிடம் நான் அந்தச் சுவரைப் பற்றித்தான் பேசுவேன்.

சரி, வேறு எப்படி நடத்துவது? தூரமாகப் போய்த் தேட வேண்டியதில்லை. அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1909இல் நர்சிங் பள்ளி வந்தது, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. அங்கே நர்சிங் கல்வியையும் நர்சிங் பணியையும் பிரித்து வைக்கவில்லை. பாடம் நடத்தும் ஆசிரியைகளுக்கு வார்டிலும் பொறுப்பு உண்டு. மாணவி சரியாகக் கற்றுக்கொள்ளவில்லையென்றால் நோயாளியின் படுக்கையருகே அது ஆசிரியையின் கண்ணெதிரே தெரிந்துவிடும், அதற்கு அவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் பக்கமோ, வெளியிலிருந்து வரும் பயிற்றுநர் மாலையில் லேப்டாப்பை மூடிவிட்டுக் காட்பாடியில் சென்னை ரயிலைப் பிடித்துவிடுகிறார். மறுநாள் லைனில் என்ன நடந்தது என்பது அவருக்கு எந்நாளும் தெரியப்போவதில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்க அரசு தொழிற்சாலைகளுக்குள் ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தியது. புதிதாக வந்தவர்களை வேகமாக வேலையில் பழக்க வேண்டிய நெருக்கடி. எல்லோருக்கும் வகுப்பெடுக்க முடியாது என்பதால், கற்றுக்கொடுப்பது எப்படி என்று சூப்பர்வைசர்களைப் பழக்கினார்கள். கற்பவரைத் தயார் செய்வது, செய்து காட்டுவது, அவரைச் செய்யவிட்டுப் பார்ப்பது, பிறகு அடிக்கடி போய்க் கவனிப்பது என்று நான்கு படிகள். தொழிலாளி கற்கவில்லையென்றால் கற்பித்தவர் கற்பிக்கவில்லை என்பது அவர்கள் கொள்கை. போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவில் வேர்விட்டது. இங்கே நாங்கள் இரண்டாம் படியோடு நிறுத்திவிடுகிறோம். நான்காம் படிக்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை, அறிக்கையில் அதற்குக் கட்டமும் இல்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885லேயே தன்னையே சோதித்துப் பார்த்து, படித்ததில் பெரும்பகுதி ஒரே நாளில் மறந்துபோகிறது என்று எழுதிவிட்டார். அவர் மனப்பாடம் செய்தது பொருளற்ற அசைகளை, வேலைப் பாடத்துக்கு அது அப்படியே பொருந்தாது என்று வாதிடலாம்தான். எங்கள் சில ஸ்லைடுகளைப் பார்த்தால் நன்றாகவே பொருந்தும் என்று தோன்றுகிறது.

உடனே ஒரு குரல் வரும்: அந்தக் காலத்தில் அப்பாவும் தாத்தாவும் தோல் கிடங்கில் பார்த்துப் பார்த்தே கற்றார்கள், வகுப்பா வைத்தார்கள் என்று. எனக்கு அந்த ஏக்கம் கிடையாது. தோல் பதனிடும் குரோமியக் கரைசலில் வெறுங்கையை விட்டதும் பார்த்துக் கற்றதுதான். பார்த்துக் கற்கும்போது நல்லதும் கெட்டதும் சேர்ந்தே கைக்கு வரும். எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்டக் கூடாது என்று ஒருவர் யோசித்து வைக்க வேண்டும். பயிற்சித் துறை என்று ஒன்று வேண்டும் என நான் இன்னும் நம்புவது அதற்காகத்தான்.

ஆனால் யோசித்து வைத்ததைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் லைன் சூப்பர்வைசர், அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. இலக்குப் பலகை அவர் தலைக்கு மேலேயும்தான் தொங்குகிறது. புது ஆளுக்கு அருகில் அரை மணி நின்றால் அந்த மணியின் எண்ணிக்கை குறையும், மாலைக் கூட்டத்தில் அவர் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். லைனில் இருக்கும் பெண்களில் பலர் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். ஷிப்டு முடிந்த பிறகு வகுப்பு என்று அறிவித்தால் அவர்கள் மனம் முழுக்கப் பஸ்ஸில்தான் இருக்கும். வீட்டில் அடுப்பு காத்திருக்கும்போது யாருக்குக் குழு மனப்பான்மை பற்றிய விளையாட்டில் ஆர்வம் வரும்?

அலுவலக ஊழியர்களுக்கு ஆன்லைன் பாடங்கள் என்று ஒரு தனிக்கூத்து நடக்கிறது. ஒருவரே உட்கார்ந்து பத்துப் பேரின் கணக்கில் 'அடுத்து' பொத்தானை அழுத்தி முடித்துவைப்பதைப் பார்க்காதவர் யார்? இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, ஒரு பாடத்துக்கான ஸ்லைடும் கேள்வித்தாளும் நிமிடங்களில் தயார். ஸ்லைடு செய்வதுதான் எங்கள் வேலை என்றால் எங்களுக்கு இனி வேலை இல்லை. மழுங்கிய ஊசியின் சத்தத்தைக் கேட்கும் இடத்துக்கு அது இன்னும் வரவில்லை, அங்கே நாங்களும் போகவில்லை.

அடுத்த ஆண்டுத் திட்டத்தில் நான் கேட்கப்போவது பெரிதாக எதுவும் இல்லை. பயிற்சி மணிநேரம் என்ற கட்டம் போக வேண்டும். அந்த இடத்தில், எந்தச் சிக்கலைக் கையில் எடுத்தோம், அதற்கு வகுப்பு தேவைப்பட்டதா, மூன்று மாதம் கழித்து அது எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். எங்கள் துறையில் ஒவ்வொருவரும் பாதி நாள் லைனில் இருக்க வேண்டும். புதியவர்களைப் பழக்கும் மூத்த ஆப்பரேட்டருக்கு அதற்கென்று தனிப்படி தர வேண்டும், பழக்கும் நாட்களில் அவருடைய இலக்கைக் குறைக்க வேண்டும். முதல் மூன்றையும் நிர்வாகம் ஒப்புக்கொண்டுவிடும் என்று நினைக்கிறேன், செலவில்லாதவை. தனிப்படியும் ஓரளவு பேசி வாங்கிவிடலாம். இலக்கைக் குறைப்பது என்றதும்தான் மேசைக்கு அந்தப் பக்கம் முகங்கள் மாறும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் எங்காவது அதைச் சாதித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். உற்பத்தி மேலாளரை எந்தக் கணக்கைக் காட்டி ஒப்பவைத்தீர்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.