சைட்மேப்பில் 1.0 போட்டால் கூகுளில் முதலிடமா?

சைட்மேப் என்பது உங்கள் தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குக் கொடுக்கும் கோப்பு. 'சைட்மேப்பில் பிரயாரிட்டியை 1.0 என்று போட்டு, தினமும் கூகுளுக்கு பிங் அனுப்பினால் முதல் பக்கம் உறுதி' என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

பிரயாரிட்டியை, அதாவது ஒரு பக்கம் எவ்வளவு முக்கியம் என்று நாமே போடும் எண்ணை, கூகுள் கண்டுகொள்வதே இல்லை. சைட்மேப் மாறியதைக் கூகுளுக்குத் தெரிவிக்கும் பிங் வசதியை நிறுத்தப்போவதாக 2023 ஜூனிலேயே அறிவித்து, மூடியும் விட்டார்கள். இன்று அனுப்பினால் 404 பிழை (பக்கம் இல்லை என்ற பதில்) தான் திரும்பி வரும். கூகுள் பார்ப்பது லாஸ்ட்மாட் (பக்கம் கடைசியாக மாறிய) தேதியை, அதுவும் நம்பும்படி இருந்தால். ஓர் எழுத்துகூட மாற்றாமல் தினமும் புதுத் தேதி போட்டால் அதையும் ஒதுக்கிவிடும்.

சைட்மேப் வெறும் முகவரிப் பட்டியல். ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை போடலாம். பட்டியலில் இருக்கிற எல்லாமே இண்டெக்ஸ் ஆகும், அதாவது கூகுளின் தேடல் தொகுப்பில் சேரும் என்றுகூட உத்தரவாதம் இல்லை, அப்புறம்தானே முதலிடம்!

சரி, உங்கள் சைட்மேப் எங்கே? தளத்தின் ரோபோட்ஸ் கோப்பை (தள முகவரிக்குப் பின் /robots.txt) திறந்தால், பெரும்பாலும் 'Sitemap:' என்று தொடங்கும் வரி இருக்கும். அந்த முகவரியை தளம் நடத்துபவர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் ஒருமுறை கொடுத்தால் போதும்.