இன்னும் பிடிக்காத இறால்

"தம்பி, ஒங்க சாஃப்ட்வேரு இறாலுக்குத் தேதி போடுது."

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு எனக்குக் கிடைத்த வணக்கம் இதுதான். சனிக்கிழமை போன விசைப்படகுகள் கரைக்கு வரும் நேரம். இறால் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்கள் விழித்திருந்தால், அவர்களுக்குச் சாஃப்ட்வேர் கட்டிக்கொடுத்த நானும் விழித்திருக்க வேண்டும், அது எழுதாத சட்டம்.

"என்ன தேதிண்ணே?"

"டிசம்பர் எட்டு."

நடப்பது ஜூலை.

புரிந்துவிட்டது. 8/12. ஒரு பவுண்டுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு நிற்கிற இறால். எக்ஸலுக்கு அது டிசம்பர் எட்டு. 13/15, 16/20 எல்லாம் தப்பித்துவிடும், பதினைந்தாம் மாதம், இருபதாம் மாதம் என்று ஒன்று கிடையாதே! பெரிய, விலை கூடின இறாலைத்தான் தேடிப் பிடித்துக் காலண்டரில் மாட்டுகிறது.

"நம்ம சாஃப்ட்வேர் பக்கத்துல எப்படி இருக்குண்ணே?"

"அதுல சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"அதை யாரு பாக்குறா தம்பி? எக்ஸல்லதான பாக்குறோம்."

மூன்று மாதம் உட்கார்ந்து கட்டியது. படகு வாரியாக வரவு, கிரேடு வாரியாகக் கூட்டல், ஐஸ் செலவு தனியாக. அத்தனையிலும் இவர்கள் தொடுவது ஒரே ஒரு பொத்தான்: டவுன்லோட். வரும் சிஎஸ்வி கோப்பை, அதாவது கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பை, எக்ஸலில் தட்டித் திறப்பார்கள், எக்ஸல் கெடுத்ததை அப்படியே சேமிப்பார்கள், வாட்ஸப்பில் முதலாளிக்குத் தள்ளிவிடுவார்கள். கெட்ட பெயர் மட்டும் எனக்கு.

எக்ஸல் கட்டத்தைத் தேதியாக மாறாதபடி வெறும் எழுத்தாக வைத்து எக்ஸல் கோப்பாகவே தருகிறேன், ஒரு நாள் வேலை என்று மே மாதமே கேட்டேன். "இப்ப மீன்பிடித் தடைக்காலம், போட்டு கடலுக்குப் போகட்டும், பாத்துக்கலாம்." 61 நாள் படகுகள் கரையில் கிடந்தன. அந்த 61 நாளும் நான் என்ன செய்தேன் தெரியுமா? முகப்புப் பக்கத்தின் நீலம் கடல் மாதிரி இல்லை என்றார்கள், நீலத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். ஏழு நீலம்!

பத்து நிமிடத்தில் மறுபடி போன். "நானே சரி பண்ணிட்டேன் தம்பி. தேதி போயிருச்சு. நம்பருதான் கொஞ்சம் பெருசா வருது."

45,999.

பவுண்டுக்கு 45,999 இறால். பொடிசான கூனி இறால்கூட அவ்வளவு நிற்காதே! அது 1900-லிருந்து எக்ஸல் எண்ணி வைத்திருக்கும் நாள் கணக்கு என்று விளக்கினேன். "1900-ல நம்ம கம்பெனியே இல்லையே தம்பி" என்றார். இதற்கு என்ன பதில் சொல்ல?

அதற்குள் முதலாளி லைனில். "போன டிசம்பர் சரக்கா? இத்தனை மாசம் ஐஸ்லயா கிடந்துச்சு?"

"இல்லைங்க, அது வர்ற டிசம்பரு."

"இன்னும் பிடிக்காத இறாலுக்கா காசு கொடுத்திருக்கோம்?"

மரபணு விஞ்ஞானிகளுக்கே இந்தக் கதிதான். மார்ச்1 என்ற மரபணுவை எக்ஸல் மார்ச் முதல் தேதி ஆக்கிக்கொண்டே இருந்ததால் 2020 வாக்கில் மரபணுவின் பெயரையே மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டார்கள். எக்ஸலைத் திருத்த முடியாது என்று அன்றைக்கு உலகமே கையைத் தூக்கிவிட்டது. நானும் "எட்டு டு பன்னெண்டுன்னு எழுத்துல போடுவோம்ண்ணே" என்று கெஞ்சிப் பார்த்தேன். வெளிநாட்டு பையர் சிரிப்பானாம்.

கடைசியில் என்ன செய்தார்கள்? கூடத்தில் கிடந்த, ஐஸ் தண்ணீரில் ஊறின நீள நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினார்கள். அதில் பால்பாயிண்ட் பேனாவில் அழகாக 8/12.

"பாத்தியா தம்பி, நோட்டுல தேதி வரலை."

சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய.

போனை வைத்ததும் வீட்டில் ஆரம்பித்தார்கள். விடிந்ததிலிருந்து கிலோ கிலோவாக இறால் பேச்சு, வீட்டுக்கு ஒரு கால் கிலோ வந்ததுண்டா என்று. மண்டபத்தில் குடியிருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக எங்கள் வீட்டில் இன்று முட்டைக் குழம்பு. அந்த முட்டையும் நாமக்கல்லிலிருந்து வருகிறது.