கைராசிக்காரர்

எங்கள் தெருமுனையில் போன மாதம் கட்டிய கண்ணீர் அஞ்சலி பதாகையை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. டாக்டரின் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் "ஏழைகளின் பத்து ரூபாய் மருத்துவர்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அன்போடு செய்த காரியம். அதற்குக் காசு போட்டவர்களில் என் தம்பியும் ஒருவன். ஆனாலும் பள்ளிக்கூடம் போகும்போதும் திரும்பும்போதும் அந்த வரி கண்ணில் படுகிற ஒவ்வொரு முறையும் என் மனம் ஒப்பவில்லை. நாற்பது ஆண்டுகள் எங்கள் நடுவே இருந்த மனிதரைப் பத்து ரூபாயில் சொல்லி முடித்துவிட்டோமே என்று இருக்கிறது.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. குடும்பத்தார் அதை விரும்பவில்லை. எழுதினாலும் பலருக்குத் தெரியாது. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் நான்கைந்து தெருக்களுக்கு 'டாக்டர்' என்றால் அவர்தான். மற்ற மருத்துவர்களுக்குத்தான் பெயர் சொல்லி அடையாளம் காட்ட வேண்டும்.

இப்படிப்பட்டவர்களைப் பறிகொடுப்பது எங்கள் பகுதிக்குப் புதிதில்லை. 2018 டிசம்பர் 19 அன்று டாக்டர் ஜெயச்சந்திரன் போனார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், இதே பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டு ரூபாயில் தொடங்கி, கடைசிவரை ஐந்து ரூபாயைத் தாண்டாதவர். 71 வயது. இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை, 2020 ஆகஸ்ட் நடுவில் வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம் போனார். 1973இல் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்க உட்கார்ந்தவர், அவரும் ஐந்து ரூபாயோடு நின்றுகொண்டார். இருவரையுமே நகரம் 'ஐந்து ரூபாய் டாக்டர்' என்றுதான் அழைத்தது. கோவையில் 2016 நவம்பரில் மறைந்த பாலசுப்பிரமணியனுக்கு 'இருபது ரூபாய் டாக்டர்' என்று பெயர். பட்டுக்கோட்டையில் 96 வயதுவரை வாழ்ந்து 2025 ஜூனில் காலமான ரத்தினம் அவர்களுக்கு 'பத்து ரூபாய் டாக்டர்'. எல்லோருக்கும் நாம் சூட்டிய பெயர் ஒரு தொகை. நன்றிக்கடனில் அப்படிச் சொல்கிறோம், புரிகிறது. ஆனால் அவர்கள் என்ன வாங்கினார்கள் என்பது மட்டுமே அந்தப் பெயரில் இருக்கிறது. என்ன கொடுத்தார்கள் என்பது இல்லை.

எங்கள் பெரியவர்களிடம் இதைவிட நல்ல சொல் ஒன்று இருந்தது. கைராசி. "அவருக்குக் கைராசி, அவர் கை பட்டாலே காய்ச்சல் இறங்கிவிடும்" என்பார் என் அம்மா. படித்த திமிரில் அதை மூடநம்பிக்கை என்று பல ஆண்டுகள் மறுத்துப் பேசியிருக்கிறேன். இப்போது யோசித்தால், அம்மா சரியாகத்தான் கவனித்திருக்கிறார். காரணம் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1994இல் நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எனக்கு ஊசி போட வேண்டும் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மருந்து அட்டைப்பெட்டியை வெட்டி எண் எழுதிய டோக்கன் எங்கள் கையில். எண் பதினான்கு. உள்ளே ஆறோ ஏழோ ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று திரைச்சீலையை விலக்கிக்கொண்டு டாக்டரே வெளியே வந்தார். "இங்கே யார் இருமியது?" என்று கேட்டார். அப்பா கையைத் தூக்கினார். "இந்த இருமலை நான் போன மாதமும் தெருவில் கேட்டேன். உள்ளே வாருங்கள்."

காசநோய். சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்து, மாத்திரைக்குக் கார்ப்பரேஷன் மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே இலவசம், தன்னிடம் வர வேண்டிய அவசியமே இல்லை என்றார். இரண்டு மாதத்தில் அப்பாவுக்கு இருமல் நின்றது, உடம்பு தேறியது. தேறியதும் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. டாக்டர் எப்படியோ மோப்பம் பிடித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவைத் தனியே அழைத்து, "அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகிறதா?" என்றார். அம்மா இல்லை என்றார். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மாத்திரையைச் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீர் ஆரஞ்சும் சிவப்புமாகப் போகும். போகவில்லையென்றால் மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை. அதற்குப் பிறகு வாரந்தோறும் சனிக்கிழமை, தீர்ந்த மாத்திரையின் காலி அட்டைகளை அம்மா கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. கம்பவுண்டர் அண்ணன் அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். ஒரு பைசா வாங்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்பா அதற்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தார். என் கல்யாணத்தைப் பார்த்தார், என் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக் கடற்கரைக்குப் போனார்.

கட்டணத்தைக் கழித்துவிட்டு இந்தக் கதையைப் பாருங்கள். அவர் ஐந்நூறு ரூபாய் வாங்கியிருந்தாலும் தெருவில் போகும்போது கேட்ட இருமலை ஒரு மாதம் கழித்து அடையாளம் கண்டிருப்பார். அவர் இங்கேயே நடந்தார், இங்கேயே காய்கறி வாங்கினார், இங்கேயே குடியிருந்தார். யார் வீட்டில் யார் இருமுகிறார்கள், எந்தப் பெண் இளைத்துக்கொண்டே போகிறாள், எவன் சம்பளத்தன்று நேராக வீட்டுக்கு வருவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அம்மா சொன்ன கைராசி இதுதான் என்று நினைக்கிறேன்.

காசிமேட்டிலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாக்களிடம் அவர் முதலில் சொல்வது "காலைக் காட்டு" என்பதுதான். அவர்கள் தலைவலி என்று வந்திருப்பார்கள். பரவாயில்லை, செருப்பைக் கழற்ற வேண்டும். ஐஸ் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் விடியற்காலை முதல் நின்ற பாதங்களை விளக்கை இழுத்து வைத்து, விரலிடுக்குகளை விரித்துப் பார்ப்பார். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குக் காலில் உணர்ச்சி மரத்துப்போகும், முள் குத்தினாலும் தெரியாது, புண் புரையோடிய பிறகுதான் தெரியும், அப்போது விரலை எடுப்பதா பாதத்தை எடுப்பதா என்ற பேச்சு வந்துவிடும். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கும் மேல் என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023இல் வெளியானபோது எல்லோரும் அதிர்ந்தோம். எனக்கு அந்தச் செய்தியைப் படித்ததும் அவர் குனிந்து பாதம் பார்க்கும் காட்சிதான் நினைவுக்கு வந்தது. ஒரு டாக்டர் தன் காலைத் தொட்டுப் பார்க்கிறார் என்று கூசி முதல் தடவை காலை இழுத்துக்கொள்ளாத பெண் கிடையாது.

அவர் சாந்தமானவர் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். கோபக்காரர். சாதாரண ஜலதோஷத்துக்கு ஊசி போடச் சொன்னால் கத்துவார். "ஊசி வேண்டுமென்றால் அடுத்த தெருவுக்குப் போ" என்று விரட்டுவார், சிலர் போயும் விட்டார்கள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகளைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்காரவிட மாட்டார். அவர்கள் கொடுத்த மாதிரி மருந்துகளை மட்டும் மறக்காமல் வாங்கி, யாருக்கு எது என்று பிரித்து வைப்பார்.

அவர் தவறும் செய்தார். அதையும் எழுதாவிட்டால் நான் எழுதுவது இன்னொரு பதாகை ஆகிவிடும். 2003இல் என் சித்தி மேல் வயிற்றில் எரிச்சல், வாந்தி என்று போனார். வாயு என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பினார். இரவு பத்து மணிக்குச் சித்தி வியர்த்துச் சுருண்டார். ஆட்டோவில் ஸ்டான்லிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம் (எங்கள் பாட்டி கடைசிவரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொன்ன அதே ஸ்டான்லி). மாரடைப்பு. பெண்களுக்கு, அதிலும் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு, நெஞ்சுவலியே இல்லாமல் இப்படியும் வரலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டோம். சித்தி பிழைத்தார். மறுநாள் மாலை டாக்டர் வார்டுக்கே வந்தார். கட்டிலருகே நின்று, "நேற்றே ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பியிருக்க வேண்டும். நான் தவறிவிட்டேன். என்னை மன்னித்துவிடு அம்மா" என்றார். சித்தி அழுதார், ஆத்திரத்தில் குதித்துக்கொண்டிருந்த சித்தப்பா வாயடைத்து நின்றார். அடுத்த மாதமே கடன் வாங்கி ஒரு ஈ.சி.ஜி. கருவியைக் கிளினிக்கில் வைத்துவிட்டார். அந்தக் கருவி எத்தனை பேரைக் காப்பாற்றியது என்ற கணக்கு யாரிடமும் இல்லை.

2020 கோடையில் சென்னையிலேயே கொரோனா தொற்று அதிகம் இருந்த மண்டலமாக ராயபுரம் மண்டலம் இருந்தபோது அவர் கிளினிக்கை மூடவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு, நடுவே பிளாஸ்டிக் திரை கட்டி, ஆட்களைத் தெருவிலேயே தள்ளித் தள்ளி நிற்கவைத்துப் பார்த்தார். அந்த ஏப்ரலில்தான் கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. உடன் வேலை செய்த மருத்துவர் ஒருவரே இரவில் மண்ணைத் தள்ளிப் புதைக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க எங்கள் டாக்டர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நாற்காலி வழக்கமான நேரத்துக்கு வெளியே வந்தது.

அவரைப் போல இன்னொருவர் எங்கள் தெருவுக்கு வரப்போவதில்லை. இதை வெறும் சோகமாகச் சொல்லவில்லை, கோபத்தோடு சொல்கிறேன். இன்றைக்கு எம்.பி.பி.எஸ். முடிக்கும் பிள்ளையை "வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?" என்று கேட்பவர்கள் நாம்தான். அந்தக் கேள்விக்குப் பயந்து அவர்கள் மேற்படிப்பு நீட் தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் அறைக்குள் அடைந்து கிடக்கிறார்கள். முட்டிக்கு ஒருவர், முதுகுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர் இருக்கிறார்கள். மூன்றும் வலிக்கும் என் மாமியாரை முழுதாகப் பார்க்க ஒருவரும் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உண்டு. நல்ல திட்டம், என் சித்தப்பாவுக்கு உதவியது. ஆனால் அது படுக்கையில் சேர்ந்த பிறகுதான் பேச ஆரம்பிக்கும். படுக்கைக்குப் போகவிடாமல் இருமலிலேயே பிடித்து உள்ளே இழுக்கிற மனிதருக்கு அந்த அட்டையில் இடமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் தெருவுக்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருகிறது. கொண்டுவரும் பெண்ணை மனதார வாழ்த்துகிறேன். நான் கேட்பது இன்னும் ஒன்று. எங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் டாக்டரைப் பத்து ஆண்டுகளாவது மாற்றாமல் வையுங்கள். அவருக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வீடு கொடுங்கள். நல்ல சம்பளம் கொடுங்கள். இரண்டு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் ஒருவர் தன் வாழ்நாளைக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்துக்கொண்டு, கொடுத்தவர் போன பிறகு பதாகை கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இறுதி ஊர்வலத்தன்று மீன் மார்க்கெட் பெண்கள் கூடையோடு நேராக வந்திருந்தார்கள். ஒருவர் கண்ணாடிப் பெட்டியின் கால்மாட்டில் நின்றுகொண்டு வெகுநேரம் நகரவில்லை. பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

கடைசியாக ஒன்று. போன வாரம் எனக்குச் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனேன். சுத்தமாக இருந்தது, அந்த இளம் மருத்துவரும் பொறுமையாகப் பேசினார். ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். ஒவ்வாத மருந்து ஏதேனும் உண்டா என்று அதில் ஒரு கட்டம். பேனா நின்றுவிட்டது. ஏழு வயதில் ஏதோ ஒரு மருந்து குடித்து உடம்பெல்லாம் தடித்து, கண் மூடிப்போனது எனக்கு நினைவிருக்கிறது. என்ன மருந்து என்று தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், அம்மா இல்லை. டாக்டருக்குத் தெரியும். அவர் எதையும் எழுதி வைக்கிற ஆள் இல்லை, எல்லாம் தலைக்குள்தான்.

வரிசையிலிருந்து விலகி வந்து கம்பவுண்டர் அண்ணனுக்குப் போன் செய்தேன். எழுபதைத் தொட்டுவிட்டார், காது மந்தம். இரண்டு முறை கத்திச் சொன்ன பிறகுதான் நான் யார் என்று பிடிபட்டது.

"சல்ஃபா, பாப்பா" என்றார். "சல்ஃபா உனக்கு ஆகாது. டாக்டர் அன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மறக்காமல் எழுது."

எழுதினேன்.