கிளாரா யாரையும் விரட்டவில்லை

கால்பந்து ஆட்டக்காரர் வால்டர் டல் பற்றிய அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு டேக் செய்ய வேண்டாம். பார்த்துவிட்டேன். முழுதாக, இரண்டு தடவை. கீழே இருக்கும் கமெண்ட்களையும் படித்துவிட்டேன். "நீங்கதான் பழைய ஃபுட்பால் எல்லாம் எழுதுவீங்களே, இதைப் பத்தியும் எழுதுங்க" என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

வால்டர் டல் பற்றி ஒரு தமிழ்ப் பக்கம் வீடியோ போட்டதில் எனக்குச் சந்தோஷம்தான். லண்டனின் டாட்டன்ஹாம் அணிக்கு ஆடியவர், முதல் உலகப்போரில் அதிகாரியாகிச் செத்தவர் என்று நம் ஆட்களுக்குத் தெரியவருவது நல்லது. "இங்கிலாந்தின் முதல் கறுப்பின ஆட்டக்காரர்" என்று சொல்லியிருக்கிறீர்கள், அது தப்பு. அவர் பிறப்பதற்கு முன்பே ஆர்தர் வார்ட்டன் அங்கே கோல்கீப்பராக நின்றுவிட்டார். அதைக்கூட விட்டுவிடலாம், எல்லோரும் செய்கிற தப்பு. ஆனால் "கொடுமைக்காரச் சித்தி தெருவில் துரத்திய சிறுவன்" என்று ஆரம்பித்து, ஒரு பெண் கையில் துடைப்பத்தோடு நிற்கிற மாதிரி படம் வரைந்து, பின்னால் சோக வயலின் போட்டீர்களே, அதை விட முடியவில்லை.

அந்தச் சித்தியின் பெயர் கிளாரா. கிளாரா யாரையும் துரத்தவில்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். அவர் துரத்தவில்லை.

நடந்தது இதுதான். வால்டரின் அப்பா டேனியல் டல், பார்படாஸ் தீவுக்காரர், அடிமையாக இருந்த ஒருவரின் மகன். தச்சு வேலை தெரிந்தவர். 1876ல் இங்கிலாந்தின் தெற்குக் கரையில் ஃபோக்ஸ்டன் ஊருக்கு வந்து சேர்ந்தார். கென்ட் பகுதியைச் சேர்ந்த ஆலிஸ் பால்மர் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். முதல் குழந்தை தங்கவில்லை. அப்புறம் வில்லியம், சிசிலியா, எட்வர்ட், வால்டர், எல்சி. வால்டர் பிறந்தது 1888 ஏப்ரல் 28. 1895ல் ஆலிஸ் புற்றுநோயில் இறந்துபோகிறார். வால்டருக்கு அப்போது ஏழு வயது. மறு வருஷம் டேனியல், ஆலிஸின் உறவுக்காரப் பெண் கிளாராவை மணக்கிறார். கிளாராவுக்கு மிரியம் என்று ஒரு மகள் பிறக்கிறாள். 1897 டிசம்பரில் டேனியலும் இதய நோயில் போய்விடுகிறார்.

கல்யாணமாகி ஒரு வருஷம் சொச்சம். கையில் கைக்குழந்தை. ஆலிஸ் பெற்ற பிள்ளைகள் ஐந்து பேர். சம்பாதித்த ஒரே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். 1897ல் இங்கிலாந்தில் விதவைக்கு அரசாங்கப் பென்ஷன் கிடையாது. அதற்கான சட்டம் 1925ல்தான் வந்தது. அப்போது இருந்தது 1834ம் வருஷத்து ஏழைச் சட்டம். அதன்படி, வழி இல்லாதவர்கள் வொர்க்ஹவுஸுக்கு, அதாவது வேலை வாங்கிக்கொண்டு ஏழைகளைத் தங்கவைக்கும் விடுதிக்கு, போகலாம். அங்கே அம்மாவையும் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பிரித்துத்தான் வைப்பார்கள்.

கிளாரா அந்த வாசலுக்குப் போகவில்லை. அவர்கள் போய்வந்த கிரேஸ் ஹில் வெஸ்லியன் தேவாலயத்துப் பாதிரியார், பள்ளி வயதில் இருக்கும் இரண்டு பையன்களையும் லண்டன் பெத்னல் கிரீனில் மெத்தடிஸ்ட்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய அனாதைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கலாம் என்று யோசனை சொல்கிறார். 1898 பிப்ரவரியில் எட்வர்டும் வால்டரும் அங்கே போகிறார்கள். ஒருவனுக்குப் பதினொன்று, இன்னொருவனுக்கு ஒன்பது.

இதில் துரத்தல் எங்கே இருக்கிறது? துடைப்பம் எங்கே இருக்கிறது?

உடனே ஒருவர் கேட்பார் (கமெண்டில் கேட்டும்விட்டார்): "தன் சொந்த மகளை மட்டும் வைத்துக்கொண்டாளே?" ஐயா, வீட்டில் தங்கியவர்கள் யார் யார் என்று ஒருமுறை பாருங்கள். வேலைக்குப் போகிற வயதில் இருந்த வில்லியம். வீட்டு வேலையில் கைகொடுக்கக்கூடிய சிசிலியா. சின்னவள் எல்சி. அப்புறம் கைக்குழந்தை மிரியம். நான்கு பேரில் மூன்று பேர் கிளாரா பெற்ற பிள்ளைகள் இல்லை. எல்சி அவர் வயிற்றில் பிறந்தவள் இல்லை. பிடிக்காதவர்களைத் துரத்துகிறவர் என்றால் எல்சியையும் சேர்த்தே அனுப்பியிருக்க மாட்டாரா? சம்பாதிக்கவும் முடியாது, இல்லத்தில் சேர்த்தால் நாலு எழுத்துப் படிக்கலாம் என்கிற வயதில் இருந்தவர்கள் அந்த இரண்டு பேர். அந்தக் கணக்கைப் போட்டது வறுமை.

"என்ன கஷ்டம் வந்தாலும் தாய் என்றால் பிரிவாளா?" என்று ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அக்கா, அந்தக் காலத்தில் அந்த மாதிரி இல்லங்களில் பெற்ற தாயே கொண்டுவந்து விட்ட பிள்ளைகள் ஏராளம். பெற்றவள் விட்டால் விதி, சித்தி விட்டால் கொடுமை. இந்த நியாயத்தை எங்கே கற்றுக்கொண்டோம்?

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். என்னை வளர்த்தது சித்திதான். அம்மா போனபிறகு அம்மாவின் தங்கையையே அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள், "பிள்ளைங்களை வேற யாரு பாப்பா" என்று சொல்லி. சித்தியிடம் யாரும் விருப்பம் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. தங்கச்சி பிறந்தாள். அவள் நடை பழகுவதற்குள் அப்பாவும் இல்லை. தறி ஒன்றுதான் மிச்சம். அண்ணனை ஒரு விடுதியில் சேர்த்துவிட்டுத்தான் எங்களுக்கு இரண்டு வேளை அடுப்பு எரிந்தது. விடுதிக்கு டிரங்குப் பெட்டி வாங்க சித்தி கழற்றிய தோடு திரும்பி வரவே இல்லை, கடைசிவரைக்கும் காதில் வேப்பங்குச்சிதான். தெரு என்ன சொன்னது? "தான் பெத்ததுன்னா அனுப்புவாளா?"

அண்ணன் படித்தான், வேலைக்குப் போனான். அவன் கல்யாணத்தில், பந்தியில், சித்தி காதில் விழுகிற மாதிரியே ஒரு சொந்தக்காரர் இதையே திரும்பச் சொன்னார். சித்தி தலையைக் குனிந்துகொண்டு பாயசம் பரிமாறிக்கொண்டே போனார். அண்ணன் இன்றைக்கும் அந்த ஆளோடு பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை.

அதனால்தான் அந்தத் துடைப்பப் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஆகவில்லை. கிளாரா செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவர் வந்து கமெண்டில் பதில் சொல்லப்போவதில்லை. எந்த ஊர்ப் பெண் என்றாலும், செத்த பிறகும் இந்தப் பேச்சு அவளை விடாதா?

"வால்டர் பெரிய ஆளானதே அந்த வலியால்தான், அதைத்தான் காட்டினோம்" என்று அட்மின் தம்பி பதில் போட்டிருக்கிறார். தம்பி, வலி வேண்டுமென்றால் உண்மையான வலி அந்தக் குடும்பத்தில் கொட்டிக்கிடக்கிறது. அதை ஏன் காட்டவில்லை?

அந்த இல்லத்தில் பாட்டுக் குழு ஒன்று இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பாடி நன்கொடை திரட்டுவார்கள். எட்வர்ட் அதில் பாடினான். கிளாஸ்கோவில் அவனைப் பார்த்த வார்னாக் என்கிற தம்பதி அவனைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். அது 1900. அம்மா, அப்பா, வீடு எல்லாம் போய், மிச்சமிருந்த ஒரே துணையான அண்ணனும் ஸ்காட்லாந்து போய்விட்டான். பன்னிரண்டு வயதில் வால்டர் பெத்னல் கிரீனில் தனியாக நின்றான். இதைவிடவா உங்களுக்கு ஒரு காட்சி வேண்டும்? இதில் கெட்டவர் யாரும் இல்லை என்பதால் வீடியோவுக்கு உதவாது என்று விட்டுவிட்டீர்களா?

எட்வர்டை வளர்த்த வார்னாக் பல் மருத்துவர். எட்வர்டும் பல் மருத்துவரானார். பிரிட்டனில் அந்தத் தொழிலுக்குப் பதிவு செய்த முதல் கறுப்பினத்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள். வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்த பர்மிங்ஹாம் மருத்துவர் ஒருவர், நேரில் நிறத்தைப் பார்த்ததும் "என் கிளினிக் ஒரே நாளில் படுத்துவிடும்" என்கிற அர்த்தத்தில் பேசித் திருப்பி அனுப்பியதாகக் குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அது துரத்தல். கதவைத் திறந்து முகத்தைப் பார்த்துவிட்டு மூடுவதற்குப் பெயர்தான் துரத்தல்.

வால்டரையும் துரத்தினார்கள். கிளாரா இல்லை, வேறு ஆட்கள். இல்லத்தில் அச்சுத் தொழில் படித்துக்கொண்டே பந்து ஆடியவர், 1908ல் கிளாப்டன் என்ற அமெச்சூர் அணிக்குப் போகிறார். அந்த சீசனிலேயே அவர்கள் எஃப்ஏ அமெச்சூர் கோப்பையை ஜெயிக்கிறார்கள். 1909ல் டாட்டன்ஹாம் எடுத்துக்கொள்கிறது. அர்ஜென்டினா, உருகுவே சுற்றுப்பயணம் போகிறார். வாரம் 4 பவுண்ட் சம்பளம். இங்கிலாந்து லீக்கின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் டாட்டன்ஹாமுக்கு அதுதான் முதல் சீசன். மான்செஸ்டர் யுனைட்டெட் வந்து ஆடியபோது முப்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அக்டோபரில் பிரிஸ்டல் சிட்டி மைதானம். கூட்டத்தில் ஒரு பகுதி, அவர் நிறத்தைச் சொல்லி அசிங்கமாகக் கத்தியது. அங்கே இருந்த நிருபர் ஒருவர், மீன் சந்தையில்கூட இப்படிப் பேச மாட்டார்கள் என்று எழுதினார். அதே நிருபர்தான், அன்றைக்கு மைதானத்தில் சிறந்த ஃபார்வர்டு டல்தான் என்றும், மனசிலும் ஆட்டத்திலும் சுத்தமானவர் என்றும் எழுதியது. அதற்கப்புறம் கொஞ்ச நாளிலேயே அவரை முதல் அணியிலிருந்து ஓரங்கட்டிவிட்டார்கள். டாட்டன்ஹாமுக்காக லீக்கில் மொத்தமே 10 ஆட்டம், 2 கோல். 1911ல் நார்த்தாம்ப்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மன், பின்னாளில் ஆர்சனலைத் தூக்கி நிறுத்திய அதே சாப்மன். நார்த்தாம்ப்டனின் முதல் அணிக்கு வால்டர் 111 ஆட்டம் ஆடினார். திறமை இல்லை என்று ஓரங்கட்டியிருந்தால் சாப்மன் எடுத்திருப்பாரா, நார்த்தாம்ப்டன் 111 ஆட்டம் ஆடவிட்டிருக்குமா?

உங்கள் வீடியோவில் பிரிஸ்டல் நான்கு வினாடி வருகிறது. சித்தி ஒரு நிமிஷத்துக்கு மேல் வருகிறார்.

டிக்கெட் வாங்கி வந்து கத்தின ஆண்களை விட்டுவிட்டு, ஆறு பிள்ளைகளோடு நின்ற ஒரு பெண்ணை வில்லியாக்குவது சுலபம். அவளுக்கு மட்டும் முகம் வரைந்தீர்கள். கத்தினவர்கள் முகத்தை ஏன் வரையவில்லை?

"ஒரு குட்டி வீடியோவில் எல்லாம் சொல்ல முடியுமா?" என்பார்கள். முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இல்லாததைச் சேர்க்க மட்டும் இடம் இருந்திருக்கிறதே! இதற்குமேல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

போர்ப் பகுதியையும் அவசரமாக ஓட்டிவிட்டீர்கள். 1914 டிசம்பரில், கால்பந்து ஆட்டக்காரர்களுக்கென்றே அமைத்த மிடில்செக்ஸ் ரெஜிமென்டின் 17வது பட்டாலியனில் சேர்ந்தார். குண்டுச் சத்தத்தில் மனம் கலங்கி 1916ல் ஊருக்கு அனுப்பப்பட்டார். தேறித் திரும்பி பிரான்சின் சோம் போர்முனைக்குப் போனார். கறுப்பினத்தவர் அதிகாரியாக ராணுவ விதிகளே தடையாக நின்ற காலத்தில், 1917 மே மாதம் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். இத்தாலியில் பியாவே ஆற்றைத் தாண்டி எதிரி பக்கம் போய், கூட்டிப்போன 26 பேரையும் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார். அதற்குத் தளபதி லாஃபோர்டின் பாராட்டு கிடைத்தது. 1918 மார்ச் 25 அன்று வட பிரான்சில் பாபோம் பக்கத்தில் சுடப்பட்டு இறந்தார். வயது 29. லெஸ்டர் ஃபாஸ் அணியில் கோல்கீப்பராக இருந்த சிப்பாய் டாம் பில்லிங்ஹாம், குண்டுகளுக்கு நடுவே அவரை இழுத்துவரப் பார்த்தார், முடியவில்லை. உடல் கிடைக்கவே இல்லை. அராஸ் நினைவிடத்தில் காணாமல்போனவர்கள் பெயர்களோடு பெயராக இருக்கிறது.

சாவுச் செய்தியோடு சக அதிகாரி எழுதிய கடிதம் யாருக்குப் போனது தெரியுமா? எட்வர்டுக்கு. பட்டாலியன் ஒரு விசுவாசமான அதிகாரியை இழந்தது, நான் ஒரு நண்பனை இழந்தேன் என்று எழுதியிருந்தார். ஒருவன் லண்டனில், ஒருவன் கிளாஸ்கோவில் என்று சின்ன வயதிலேயே பிரிந்தவர்கள் கடைசிவரை ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பியாகவே இருந்திருக்கிறார்கள். மூத்தவர் வில்லியமும் ராணுவத்தில் பொறியாளர் படையில் இருந்தவர், 1920ல் இறந்துவிட்டார். ஒரு தச்சரின் மூன்று மகன்களில் இரண்டு பேர் இப்படிப் போனார்கள். இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச உங்களுக்குத் துடைப்பம்தானா கிடைத்தது?

"உங்க சித்தி நல்லவங்க, அதுக்காக எல்லா சித்தியும் நல்லவங்களா?" என்று கேட்கத் தயாராக இருப்பவர்களுக்கு: இல்லை. கொடுமை செய்த சித்திகள் இருக்கிறார்கள், அவர்களிடம் அடி வாங்கிய பிள்ளைகள் என் நட்பு வட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் கிளாரா செய்தார் என்று நீங்கள் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்பேன். கேட்டேன். மூன்று நாளாக அட்மினிடமிருந்து பதில் இல்லை. என் கமெண்டுக்குச் சிரிப்பு ஸ்மைலி போட்டவர்களில் என் கூடப் படித்தவர்களே இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து சித்தி கையால் சாப்பிட்டவர்கள். அதுதான் தாங்கவில்லை.

அட்மின் தம்பிக்குக் கடைசியாக: அந்த முதல் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள். அதற்கு என்ன தகவல் வேண்டுமோ நான் எழுதித் தருகிறேன், என் பெயர்கூடப் போட வேண்டாம். பாட்டுக் குழுவில் பாடின எட்வர்டை வையுங்கள். பிரிஸ்டலுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். கிளாராவைக் காட்டியே ஆகவேண்டும் என்றால், கையில் மிரியமும் பக்கத்தில் எல்சியும் இருக்கிற மாதிரி வரையச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் அதை ஷேர் செய்கிறவர்களை நான் அன்ஃபாலோ செய்துகொண்டுதான் இருப்பேன். வருத்தப்படுகிறவர்கள் வருத்தப்படலாம்.