அந்த 70 சதவீதம் எதன் சதவீதம்?

"டிஎன்ஏ சோதனையால் விடுதலையானவர்களில் சுமார் 70 சதவீதம் பேரைச் சாட்சிகள் தவறாக அடையாளம் காட்டியிருந்தார்கள். ஆகவே கண்ணால் கண்ட சாட்சி பத்துக்கு ஏழு தடவை தப்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் வாக்கியம் சரி; தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களை விடுவிக்கப் போராடும் அமெரிக்க அமைப்பான இன்னசன்ஸ் பிராஜெக்ட் தரும் கணக்கு அது. இரண்டாவது அதிலிருந்து வராது. அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் எல்லாருமே தவறாகத் தண்டிக்கப்பட்டவர்கள். சாட்சி சரியாகக் காட்டிய வழக்குகள் அதற்குள் நுழையவே முடியாது. பிறகு எப்படிச் சாட்சிகளின் மொத்தப் பிழை விகிதத்தை அதில் தேடுவது? அதே பட்டியலில் கால்வாசிக்கும் மேல் பொய் வாக்குமூலங்களும் இருக்கின்றன. அதற்காக வாக்குமூலங்களில் கால்வாசி பொய் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று, "சாட்சி உறுதியாகச் சொன்னாலும் பயனில்லை" என்று சொல்வதும் பாதி உண்மைதான். எப்போது உறுதியாகச் சொன்னார் என்று கேட்க வேண்டும். உளவியலாளர்கள் ஜான் விக்ஸ்டெட், கேரி வெல்ஸ் இருவரும் 2017-இல் எழுதிய ஆய்வுரைப்படி, அடையாள அணிவகுப்பு (சந்தேக நபரை மற்றவர்களோடு சேர்த்துச் சாட்சிக்குக் காட்டுவது) முறையாக நடந்திருந்தால், முதல்முறை காட்டும்போதே சாட்சிக்கு இருக்கும் உறுதி நல்ல அளவுகோல். நீதிமன்றக் கூண்டில் இருக்கும் உறுதி வேறு சமாச்சாரம். அமெரிக்காவில் பாலியல் வன்முறைக் குற்றத்துக்காகத் தவறாகத் தண்டிக்கப்பட்ட ரொனால்ட் காட்டன் வழக்கில் 1984-இல் சாட்சி புகைப்படங்களைப் பார்த்துத் தயங்கித்தான் தேர்ந்தெடுத்தார். சரியான ஆளைத்தான் காட்டினீர்கள் என்று காவலர்கள் உணர்த்திய பிறகு, நீதிமன்ற விசாரணையில் துளி சந்தேகம் இல்லாமல் பேசினார். காட்டன் 1995-இல் டிஎன்ஏவால் விடுதலையானார்.