வக்கீல் மட்டும் இருந்தால் போதுமாம்

அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆளே இல்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதனால் யார் பேசினார், எந்த மேடை என்றெல்லாம் எழுதப் போவதில்லை. "சட்ட உதவி ஆபீஸுக்கு எதுக்கு நிர்வாகத் தலைவர்? அது என்ன கம்பெனியா? அந்தச் சம்பளத்துல ரெண்டு வக்கீலைப் போடுங்கய்யா" என்றார், அரங்கமே கைதட்டியது. கைதட்டியவர்களில் நாலைந்து முகங்கள் எனக்குத் தெரிந்தவை. அந்த ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில், அவர்களில் சிலர் தொலைத்த வழக்குக் கட்டுகளை நான்தான் தேடிக் கொடுத்திருக்கிறேன். வாழ்க வளமுடன்.

சரி, நிதானமாகவே எழுதுகிறேன்.

முன்பெல்லாம் இலவச சட்ட உதவி என்றால் பேனல் வக்கீல்தான். சொந்தப் பிராக்டீஸை நடத்திக்கொண்டே, ஒதுக்கித் தந்த வழக்கையும் பார்ப்பார். 2022-ல் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் கொண்டுவந்த திட்டத்தில்தான் முழுநேர வக்கீல்கள் வந்தார்கள். தலைமை, துணை, உதவி என்று மூன்று படி, தனியாகக் கேஸ் எடுக்கக் கூடாது, தலைமை வக்கீலுக்குக் குறைந்தது 10 வருடம் கிரிமினல் அனுபவம் வேண்டும். நல்ல திட்டம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வக்கீல்களை விட்டால் அந்த அலுவலகத்தில் வேறு யார்? அலுவலக உதவியாளர்கள், வரவேற்பையும் டேட்டா என்ட்ரியையும் சேர்த்துப் பார்க்க ஒருவர், ஏவல் வேலைக்கு ஒருவர். அப்போது ஆபீஸை நடத்துவது யார்? தலைமை வக்கீலேதான். கொலை வழக்கில் குறுக்கு விசாரணை செய்கிறவர்தான் டோனர் தீர்ந்ததற்கும் கடிதம் எழுத வேண்டும், யார் லீவு, யாருக்குப் பதில் யார் எந்தக் கோர்ட்டுக்குப் போவது, எந்தக் கட்டு எங்கே என்பதையும் பார்க்க வேண்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலர் இருக்கிறாரே என்பீர்கள். அவர் நீதித்துறை அதிகாரி. லோக் அதாலத், விழிப்புணர்வு முகாம், இழப்பீட்டு மனு என்று அவர் தலைக்கு மேல் வேலை, நாலு முகம் பழகுவதற்குள் மாறுதலும் வந்துவிடும்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. இந்த அலுவலகத்தை நடத்துவது ஒரு முழுநேர வேலை, அதற்கு அனுபவமும் அதிகாரமும் உள்ள ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாததற்கு விலை கொடுப்பது வக்கீல்கள் இல்லை, ஜெயிலுக்குள்ளே கிடக்கிறவர்கள்.

ஒன்று சொல்கிறேன். எந்த மாவட்டம் என்று வேண்டாம். திருட்டு வழக்கில் ஒரு பையன், இருபது வயது இருக்கும். வீட்டில் அம்மா மட்டும், ஜாமீன் நிற்க ஆள் கிடையாது. இந்த மாதிரி வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவனுடைய உரிமை, மாஜிஸ்திரேட் மறுக்க முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 167(2), அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இப்போது 187. ஆனால் கேட்க வேண்டும், அதுவும் போலீஸ் குற்றப்பத்திரிகை போடுவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். போட்ட பிறகு கேட்டால் கதை முடிந்தது. அதாவது 61-ஆம் நாள் காலையில் கோர்ட் உட்காரும்போது மனு மேஜையில் இருக்க வேண்டும். அந்தக் கேஸைப் பார்த்த உதவி வக்கீலம்மா அந்த வாரம் முழுக்க ஒரு செஷன்ஸ் வழக்கில் சீனியரோடு நின்றுகொண்டிருந்தார். கட்டு அவர் பையில், தேதி அவர் டைரியில். 63-ஆம் நாள் சாயங்காலம் ஓடி வந்து "அண்ணே, அந்த ஸ்டாச்சுட்டரி பெயில் கேஸ்!" என்று கட்டைப் பிரித்தார். அன்றைக்கு மத்தியானமே குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தது. மறுநாள் பையனின் அம்மா வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து "என்னாச்சு தம்பி, இன்னைக்கு விடுவாங்களா" என்று என்னைக் கேட்டார். நான் என்ன சொல்ல? "வக்கீலம்மா வரட்டும்மா" என்றேன். பையன் அதற்கப்புறம் மாதக்கணக்கில் உள்ளே இருந்தான்.

உடனே ஒருவர் வருவார்: அது அந்த வக்கீலின் கவனக்குறைவு, அதற்கு ஏன் ஒரு பதவி? ஐயா, அந்த வாரம் அவர் கையில் எத்தனை கட்டு இருந்தது என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருப்பது யாருடைய வேலையும் இல்லை. சட்டம் தெரியாததால் அந்தப் பையன் உள்ளே கிடக்கவில்லை. சுவரில் தொங்க வேண்டிய ஒரு காலண்டர் ஒருவருடைய பைக்குள் கிடந்ததால் கிடந்தான். அந்த இடத்தில் ரெண்டு வக்கீலைக் கூடுதலாகப் போட்டிருந்தால் இன்னும் ரெண்டு பை, இன்னும் ரெண்டு டைரி, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கோர்ட் டியூட்டிக்கென்று ஒரு போலீஸ்காரர் இருப்பார். எந்த வழக்கு எந்தக் கோர்ட்டில் எந்த நிலையில் நிற்கிறது, அடுத்த வாய்தா எப்போது, எந்தச் சாட்சிக்குச் சம்மன் போக வேண்டும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. பெஞ்ச் கிளார்க்கின் மகனுக்கு என்று கல்யாணம் என்பது வரை தெரியும். ஸ்டேஷனில் எழுத்தர், மேலே இன்ஸ்பெக்டர், அதற்கு மேலே அரசு வழக்கறிஞர்கள், குற்ற வழக்குத் தொடர்வு இயக்ககம் என்று ஒரு படையே நிற்கிறது. அதையெல்லாம் கம்பெனியா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஏழைக்காக வாதாடும் பக்கத்தில் ஒரு நிர்வாகி கேட்டால் மட்டும் கார்ப்பரேட் கலாசாரம் வந்துவிடுகிறதாம். அடுப்பு ஒன்றுதான், விறகும் ஈரம், ஆனால் சமையல்காரர் இன்னும் ரெண்டு பேர் வேண்டும் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நீதிமன்றங்கள் நல்ல நல்ல உத்தரவாகத்தான் போடுகின்றன. 2012-ல் கசாப் வழக்கில், மாஜிஸ்திரேட் முன் முதன்முதலாக நிறுத்தும்போதே வக்கீல் உண்டென்று சொல்லி, வேண்டுமென்றால் அரசு செலவில் கொடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அருமை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்கும்போது அந்த வக்கீலை யார் எழுப்பி அனுப்புவது? ரிமாண்ட் டியூட்டி லிஸ்ட் சுவரில் ஒட்டியிருக்கும், அன்றைய பெயருக்குரியவர் சொந்த ஊரில் மச்சான் கல்யாணத்தில் இருப்பார். 2023 ஜனவரி 31-ல் இன்னொரு உத்தரவு: ஜாமீன் கிடைத்தால் அதன் நகல் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் ஜெயிலுக்குப் போக வேண்டும், 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த மெயில் வருகிறது. திறப்பது யார்? திறந்து, ஜாமீன்தாரர் இல்லாமல்தான் கிடக்கிறானா, வேறு வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் பி.டி. வாரண்ட் இருக்கிறதா என்று பார்த்து, நிபந்தனையைத் தளர்த்த மனு போடச் சொல்வது யார்? அப்புறம் பி.என்.எஸ்.எஸ். 479. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் பிணைப் பத்திரத்தில் விடுவிக்க வேண்டும், மரண தண்டனை, ஆயுள் தண்டனை வழக்குகளுக்குப் பொருந்தாது, வேறு வழக்கு நிலுவையில் இருந்தாலும் சிக்கல். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இது பழைய வழக்குகளுக்கும் உண்டு என்றது. ஒவ்வொரு கைதிக்கும் பிரிவு, ரிமாண்ட் தேதி, மற்ற வழக்கு எல்லாம் வைத்துக் கணக்குப் போட வேண்டும். நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்கிறது 2022-ஆம் ஆண்டு அரசுப் புள்ளிவிவரம். இந்தக் கணக்கையெல்லாம் குறுக்கு விசாரணைக்கு நடுவில் போட்டுவிடுவார்கள் போல.

இன்பாக்ஸில் ஒரு தம்பி கொஞ்சம் விவரமாகவே கேட்டிருந்தார். நிர்வாகி என்று ஒருவர் வந்தால் மாதம் இத்தனை கேஸ் முடி என்று டார்கெட் வைப்பார், வக்கீலின் சுதந்திரம் போகும், கட்சிக்காரரின் ரகசியம் வக்கீல் அல்லாதவர் கைக்குப் போகும் என்று. இதில் நியாயம் இருக்கிறது. டார்கெட் ஆபத்துதான், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி முடிக்கும் ஆசை வரும். வழக்கை எப்படி நடத்துவது என்பதில் அவர் மூக்கை நுழைக்கக் கூடாது என்று எழுதி வைத்துவிடலாம். ஆனால் ரகசியத்தைப் பற்றி மட்டும் என்னிடம் பேசாதீர்கள் தம்பி. ஒடியா மட்டும் தெரிந்த ஒரு தொழிலாளி, கோர்ட் வராந்தாவில் கைவிலங்கோடு நிற்கிறார், நம் வக்கீலுக்கு ஒடியா தெரியாது. மொழிபெயர்ப்பாளர் பட்டியல் என்று ஒன்று எங்களிடம் கிடையாது. கடைசியில் அவர் வேலை பார்த்த சைட்டின் மேஸ்திரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் பேச வைத்தோம். நடந்த அடிதடியே அந்த சைட்டில்! மேஸ்திரி எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? சுற்றி நின்ற போலீஸ்காரர்கள் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிர்வாகி இல்லாத அலுவலகத்தின் ரகசியம் இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

அமெரிக்காவைப் பார்த்துக் காப்பி அடிக்காதே என்று இன்னொருவர். நான் அடிக்கவில்லை, அடித்தாலும் தப்பில்லை. அங்கே 1963-ல் கிடியன் வழக்கில் ஏழைக்கும் வக்கீல் உண்டு என்று தீர்ப்பு வந்தது. 1973-லேயே ஒரு ஆணையம், ஒரு வக்கீல் வருடத்துக்குப் பெரிய குற்ற வழக்கு 150-க்கு மேல் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதுவே மிக அதிகம் என்று 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அங்கேயும் ஒன்றும் சொர்க்கமில்லை, பல இடங்களில் வக்கீல்கள் வழக்குச் சுமையில் மூச்சுத் திணறுகிறார்கள். ஆனால் பெரிய அலுவலகங்களில் புலனாய்வாளர், சமூகப் பணியாளர், இவர்களையெல்லாம் கட்டி இழுத்துப் போகும் மூத்த நிர்வாகி என்று இருக்கிறார்கள். சுமை என்று கத்துவதற்காவது ஒருவர் உட்கார்ந்து எண்ண வேண்டுமே. நாம் எண்ணுவதே இல்லை.

"உனக்கு அந்த வேலை வேண்டும், அதான் எழுதுகிறாய்" என்ற கமெண்டுக்கு: நான் அந்த அலுவலகத்தை விட்டு வந்தாகிவிட்டது, திரும்பிப் போகும் எண்ணமும் இல்லை. வக்கீல் குமாஸ்தாவாக ஆரம்பித்தவன் நான். நகல் மனுவுக்கு ஸ்டாம்ப் ஒட்டத் தெரியும், ஜெயிலிலிருந்து கைரேகையோடு வரும் வக்காலத்தில் ஜெயிலர் கையெழுத்து விட்டுப்போயிருந்தால் பார்த்த உடனே தெரியும், அது இல்லாமல் பெஞ்ச் கிளார்க் வாங்கமாட்டார் என்றும் தெரியும். இதெல்லாம் அறிவில்லை, பழக்கம் என்பார்கள். ஒருமுறை வாராந்தரக் கூட்டத்தில், கட்டுகளை எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரே பதிவேட்டில் கொண்டுவரலாம், குற்றப்பத்திரிகைக்கான 60, 90 நாள் கெடுத் தேதிகளைச் சிவப்பில் எழுதலாம் என்று சொன்னேன். "நீங்க வக்கீலா?" என்று கேட்டார் ஒருவர். சத்தமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டேதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். அப்புறம் டீ வந்துவிட்டது. அதிகாரம் இல்லாத இடத்திலிருந்து யோசனை சொன்னால் இதுதான் கதி, அதனால்தான் தலைமைப் பதவி என்று கேட்கிறேன், கிளார்க் பதவி இன்னொன்று என்று கேட்கவில்லை. தலைமை வக்கீலுக்குச் சமமாக உட்கார்ந்து "இந்த வாரம் இவருக்குப் புதுக் கட்டு தர முடியாது" என்று சொல்லும் தைரியம் அந்த நாற்காலிக்கு இருக்க வேண்டும்.

நவம்பர் 9 சட்டப் பணிகள் தினம் வரும். மேடையில் சால்வை, குத்துவிளக்கு, இலவச சட்ட உதவி பற்றிய அரசியலமைப்பின் 39ஏ, ஏழைக்கும் சம நீதி. குரூப் போட்டோ எடுக்கும்போது "தம்பி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார்கள். பரவாயில்லை, போட்டோவுக்கு நான் அழவில்லை. ஆனால் அந்த மேடையில் பேசுகிறவர்களில் எத்தனை பேர் வாழ்நாளில் ஒரு நகல் மனுவைத் தாங்களே எழுதியிருப்பார்கள்? நாற்காலி போடவும் ஆள் வேண்டும், மைக் கட்டவும் ஆள் வேண்டும், வரும் நீதிபதிகளுக்குச் சாப்பாட்டு டோக்கன் எழுதவும் ஆள் வேண்டும், அதற்கெல்லாம் நிர்வாகம் வேண்டாம் என்று இதுவரை எவரும் மேடையில் பேசிக் கேட்டதில்லை. கைதியின் ரிமாண்ட் தேதியை எண்ணுவதற்கு மட்டும் நிர்வாகம் ஆடம்பரம்.

இனி கமெண்டில் திட்டுகிறவர்கள் திட்டுங்கள், அழிக்கமாட்டேன். எந்த மாவட்டம், அந்த வக்கீலம்மா யார் என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை, அவர் என்னைவிட அதிகமாக உழைத்தவர். இப்போது இந்த அலுவலகங்களில் வேலையில் இருப்பவர்கள் யாராவது படித்தால், உங்கள் இடத்தில் 60, 90 நாள் தேதிகளை யார் எழுதி வைக்கிறார்கள், அவர் லீவில் போனால் யார் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம், பதவி போதும்.